உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது?

(தஞ்சாவூரில் நடந்த ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் என் தலைப்பைப் பார்த்துவிட்டு, தேநீர் இடைவேளையில் ஒரு தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார்: "கொலை வழக்குக்கும் வாத்தியாருக்கும் என்ன சார் சம்பந்தம்?" நியாயமான கேள்விதான். அதற்கான பதில் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், கும்பகோணம் காசிராமன் தெருவில் இருக்கிறது.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கொட்டகையில் ஏறியது. மாடி வகுப்பறைகளுக்கும் கீற்றுதான் கூரை. 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். உங்களில் சிலர் அப்போதே பணியில் இருந்திருப்பீர்கள். இளையவர்கள் அன்று பள்ளி மாணவர்களாக இருந்திருப்பீர்கள். அந்த நாளை நான் விவரிக்கப் போவதில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பேச வந்திருக்கிறேன். ஏனென்றால் அந்தத் தீ, பள்ளி என்ற இடத்திலிருந்து ஒரு பெரிய மரண வழக்கைத் தஞ்சாவூர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் நிறுவனர் இருந்தார். கூடவே தலைமையாசிரியை, ஆசிரியைகள், சத்துணவு அமைப்பாளர், சமையலர், கல்வி அலுவலகத்தில் பணியாற்றியவர்கள், கட்டடத்துக்குச் சான்று கொடுத்த பொறியாளர் எல்லோரும் இருந்தார்கள். இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் போன்றவர்கள்தான். அன்று காலை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர்களில் ஒருவருக்கும் யாரையும் கொல்லும் எண்ணம் இருந்ததில்லை.

அப்படியானால் எந்த அடிப்படையில் வழக்கு? இங்கேதான் சட்டத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மனிதர் இன்னொருவரால் இறந்துபோனால் நாம் "கொலை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். சட்டம் அதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. எண்கள் மாறிவிட்டன, அடிப்படை மாறவில்லை. நாம் சினிமாவில் கேட்டுப் பழகிய "302" இப்போது 103: கொலை. மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. அதற்குக் கீழே பழைய 304, இப்போது 105: கொலையாகாத மரணம் விளைவித்தல். அதற்கும் கீழே பழைய 304-ஏ, இப்போது 106: கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். முன்பு இதற்கு அதிகபட்சம் 2 ஆண்டு, இப்போது 5 ஆண்டு வரை சிறை.

மூன்றிலும் முடிவு ஒன்றுதான், ஓர் உயிர் போயிருக்கிறது. வித்தியாசம், செய்தவரின் மனத்தில் இருந்தது என்ன என்பதில். நம் ஊர் உதாரணம் சொல்கிறேன். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்கிறார்கள். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை மடையில் எத்தனை சண்டை என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு பங்காளிகள் வரப்பில் நின்று வாய்த்தகராறு செய்கிறார்கள். பேச்சு முற்றி, கையில் இருந்த மண்வெட்டிக் காம்பால் ஒருவர் ஓர் அடி அடிக்கிறார். விழுந்தவர் எழவில்லை. திட்டம் இல்லை, எதிராளியின் நிலையைக் கொடூரமாகப் பயன்படுத்திக்கொள்ளவும் இல்லை. திடீர்ச் சண்டை என்ற விதிவிலக்கின் கீழ் இது கொலைக் குற்றத்திலிருந்து இறங்கி 105க்கு வர வாய்ப்பு உண்டு. அதே ஆள் தகராறு முடிந்து வீட்டுக்குப் போய், அரிவாளை எடுத்துவந்து, இருட்டும் வரை வாய்க்கால் மதகில் காத்திருந்து வெட்டினால் அது 103. முதலில் அரிவாள் ஓங்கியவர் இறந்தவர்தான், இவர் தன் உயிரைக் காத்துக்கொள்ளத் தடுத்தார் என்றால் தற்காப்பு உரிமை. அளவு மீறாத வரை அது குற்றமே இல்லை. டிராக்டரைப் பின்னால் எடுக்கும்போது பார்க்காமல் ஏற்றிவிட்டார் என்றால் 106. ஊரில் நான்கையும் "கொலை கேஸ்" என்றுதான் சொல்வார்கள். குடும்பமும் அந்த வார்த்தையைக் கேட்டவுடன் இடிந்துபோய் உட்கார்ந்துவிடும். முதல் தகவல் அறிக்கையில் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பும் நகல் கேட்டுப் பெறலாம். அந்தப் பிரிவும் முடிந்த முடிவல்ல. விசாரணையில் ஏறலாம், இறங்கலாம்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 105ஆம் பிரிவுக்குள்ளேயே இரண்டு பாதி உண்டு. ஒன்று, எண்ணத்தோடு செய்தது. மற்றது, எண்ணம் இல்லை, ஆனால் இப்படிச் செய்தால் மரணம் நேரக்கூடும் என்ற அறிவு இருந்தது. அந்த இரண்டாம் பாதிக்கு 10 ஆண்டு வரை சிறை. "அறிவு" என்ற இந்த ஒரு சொல்தான் பள்ளிக்கூடத்துக்குள் வருகிறது. "எனக்கு அந்தக் குழந்தைகள் மேல் விரோதமா?" என்று அழுதுகொண்டு கேட்பதில் சட்டத்துக்குப் பதில் கிடைக்காது. சட்டம் கேட்கும் கேள்வி வேறு: உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது?

கும்பகோணம் வழக்கு கவனக்குறைவு என்ற படியோடு நிற்கவில்லை. கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற படியில் நடந்தது. கீற்றுக் கூரை, அருகிலேயே அடுப்பு, அத்தனை பிள்ளைகள், இறங்கக் குறுகலான வழி. இவை எல்லாம் தினமும் கண்ணெதிரே இருந்தவை. தஞ்சாவூர் முதன்மை அமர்வு நீதிமன்றம் 2014 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. 10 பேர் குற்றவாளிகள், 11 பேர் விடுதலை. நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. விடுதலையானவர்களில் ஆசிரியைகளும் இருந்தார்கள். 2017 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவனரின் தண்டனையை அவர் அதுவரை சிறையில் கழித்த காலமாகக் குறைத்தது, தண்டிக்கப்பட்டவர்களில் பலரை விடுவித்தது.

இதை ஒப்பிட இன்னொரு வழக்கு. 1984இல் போபால் நச்சுவாயுவால் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அங்கேயும் முதலில் 304ஆம் பிரிவின் இரண்டாம் பாதிதான் குற்றச்சாட்டு. 1996இல் உச்ச நீதிமன்றம், ஆதாரங்கள் கவனக்குறைவுக்குத்தான் போதும் என்று 304-ஏ ஆகக் குறைத்தது. 2010இல் வந்த தண்டனை 2 ஆண்டு. அறிவு இருந்தது என்பதற்கும் கவனம் போதவில்லை என்பதற்கும் இடையிலுள்ள கோடு எவ்வளவு மெல்லியது, அதைத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள். போபால் விஷயத்தில் அந்தக் கோடு தவறான இடத்தில் விழுந்தது என்பது என் சொந்தக் கருத்து. ஒத்துக்கொள்ளாத வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள்.

ஒருவருக்கு என்ன தெரியும் என்பதை நீதிமன்றம் எப்படிக் கண்டுபிடிக்கும்? மனத்தைத் திறந்து பார்க்க முடியாது. காகிதத்தைப் பார்க்கும். ஆய்வு அலுவலரின் குறிப்பு, சுற்றறிக்கைப் பதிவேடு, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், கட்டடச் சான்று, நீங்கள் எழுதிய கடிதம், உங்களுக்கு வந்த கடிதம். பதிவேடு எழுதுவதை நாம் ஒரு தொல்லையாக நினைக்கிறோம். நான் ஆசிரியையின் மகன். அம்மா ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பதிவேடுகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து வளர்ந்தவன், எனக்கும் அந்த வெறுப்பு உண்டு. ஆனால் நீதிமன்றத்தில் அந்தக் காகிதம் இரண்டு பக்கமும் வெட்டும். ஓட்டுச் சாரம் இற்றுவிட்டது என்று ஒரு ஆசிரியை தேதி போட்டு எழுதிக் கொடுத்திருந்தால், அவர் தம் கடமையைச் செய்ததற்கு அது சாட்சி. அதைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டு மேசைக்குள் போட்டவருக்கு, தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. எதையும் பார்க்காமல் "பார்வையிட்டேன், திருப்தி" என்று எழுதியவர் நிலை இன்னும் மோசம்.

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். தலைமையாசிரியை உட்படக் கைது செய்யப்பட்டார்கள். அதன்பின்தான் மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை அவசரமாக இடித்தார்கள். கும்பகோணத்துக்குப் பிறகு தொடரப்பட்ட பொதுநல வழக்கில், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2009இலேயே சொல்லியிருந்தது. தீயணைப்புக் கருவி, பயிற்சி, கட்டடத் தரம் பற்றி அதில் உத்தரவுகள் உண்டு. அது இருப்பதாகவே தெரியாத பள்ளிகளுக்கு நான் போயிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், முகம் சுளிக்காதீர்கள். பிள்ளையை அடிப்பது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்திருக்கிறது. நெஞ்சுக் கோளாறு உள்ள பிள்ளை என்று தெரிந்தும் வெயிலில் முட்டி போட வைத்து ஏதாவது ஆகிவிட்டால், "கண்டிப்பதற்காகத்தான் செய்தேன்" என்ற விளக்கம் உங்களை 106இல்கூட நிறுத்தாமல் போகலாம்.

சரி, வழக்கு வந்தே விட்டது. உங்கள் மேலோ, உங்கள் ஊர்க்காரர் மேலோ. இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். இரவு பதினொரு மணிக்கு ஒரு அம்மா உங்கள் வாசலில் வந்து, "சார், எங்க பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, நீங்கதான் படிச்சவங்க" என்று நிற்பார். அப்போது அவரை அனுப்பும் இடம் முக்கியம். பெரும்பாலும் நாம் ஒரு கட்சிக்காரரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ அனுப்புகிறோம். கொலை வழக்கு சமாதானம் பேசி முடிக்கக்கூடிய வழக்கு அல்ல. இரு குடும்பமும் சேர்ந்து கேட்டாலும் முடியாது. வழக்கறிஞரிடம் அனுப்புங்கள்.

"இப்பவே வக்கீல் வெச்சா தப்பு பண்ணினதா ஆயிடாதா?" என்று கேட்பார்கள். ஆகாது. கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து ஆலோசிக்கும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பில் இருக்கிறது. அது குற்றவாளிகளுக்குத் தந்த சலுகை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை முழுவதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். கைதுக் குறிப்பு தயாரித்து அதில் சாட்சியின் கையெழுத்து பெற வேண்டும் என்பதை 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 20ஆம் உறுப்பு. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது.

சாட்சியாகக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று உங்களில் பலர் நினைப்பது முகத்தில் தெரிகிறது. போங்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள். விசாரணை அதிகாரி எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்பது சட்டம். வெற்றுத்தாளில் எதற்கும், யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். பெண் ஆசிரியைகளைச் சாட்சி விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லக் கூடாது, அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். இதைச் சொன்னதும் பின்வரிசையில் சலசலப்பு கேட்கிறது. ஆமாம், பலருக்கு இது தெரியாது.

வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வட்ட அளவில் குழுக்கள் இருக்கின்றன. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். இலவச வக்கீல் என்றால் பேருக்குத்தான் என்ற பேச்சு ஊரில் உண்டு. சில இடங்களில் அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் கொலை வழக்கில் முதல் வாரத்தில் ஒரு வழக்கறிஞர் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. எந்த மருத்துவமனைக்கு முதலில் கொண்டுபோனார்கள், யார் பார்த்தார்கள், எந்தக் கடையில் கண்காணிப்புக் கேமரா இருந்தது என்பதெல்லாம் அந்த வாரத்தில்தான் கிடைக்கும். குடும்பங்களோ நிலத்தை விற்றுப் பெரிய வக்கீலைத் தேடி மூன்று மாதம் கழித்து வருகிறார்கள். அதற்குள் அந்தப் பதிவு அழிந்திருக்கும். 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் கொலை வழக்கிலும் ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும் என்பதைக்கூட யாராவது நாள் எண்ணிப் பார்த்துக் கேட்க வேண்டும்.

இதில் ஆசிரியரின் கையிலேயே ஒரு சாவி இருக்கிறது. ஒரு முறை ஓர் இளைஞன் கொலை வழக்கில் கைதானான். பையனுக்கு 18 ஆகவில்லை என்றார் தாய். பார்த்தால் வளர்ந்த ஆள், மீசை வேறு. பெரியவர்கள் சிறையில் அடைத்துவிட்டார்கள். வயதை முடிவு செய்ய இளைஞர் நீதிச் சட்டம் முதலில் கேட்பது பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று. அது இல்லாவிட்டால்தான் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டவன், வீட்டில் ஒரு காகிதமும் இல்லை. அவன் படித்த பள்ளிக்குப் போனேன். "கொலை கேஸ், நமக்கெதுக்கு வம்பு, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்றார்கள். மூன்று முறை அலைந்தேன். நான்காம் முறை நீதிமன்றத்திலிருந்து சம்மன் போன பிறகு சேர்க்கைப் பதிவேடு வந்தது. சம்பவத்தன்று அவனுக்கு 16 முடியச் சில மாதங்கள் பாக்கி. பெரியவர்களோடு சேர்த்து விசாரிக்கவே முடியாத வயது. அதற்குள் அவன் ஐந்து வாரம் சிறையில் இருந்துவிட்டான். யாரும் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். அந்தப் பதிவேட்டில் அவன் பெயரையும் பிறந்த தேதியையும் பச்சை மையில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்த ஆசிரியை யாரோ, அவர்தான் அவனுக்கு முதல் சாட்சி.

உங்கள் மேலேயே வழக்கு என்றால் கூடுதலாக ஒன்று இருக்கிறது. அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கப்பட்டதாகவே கருதப்படுவார். அது தண்டனை ஆகாது, பிழைப்பூதியம் உண்டு. முன்ஜாமீன் கேட்க வேண்டிய வழக்கில் ஒரு நாள் தயங்குவதன் விலை இதுதான். துறை விசாரணையும் குற்ற வழக்கும் தனித்தனி. ஒன்றில் விடுதலையானால் மற்றொன்று தானாக முடிந்துவிடாது. ஆகவே குற்ற வழக்கு நடக்கும்போது துறை கேட்கும் விளக்கத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் எழுதிக் கொடுக்காதீர்கள். பதற்றத்தில் "என் தவறுதான், மன்னிக்கவும்" என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். இரக்கத்தில் எழுதிய அந்த ஒரு வரியைப் பிறகு வேறு அறையில் வேறு குரலில் படிப்பார்கள்.

கும்பகோணத்துக்கு ஒரு முறை திரும்புகிறேன். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் தீர்ப்புக்காகப் பத்து ஆண்டு காத்திருந்தார்கள். அவர்கள் முன் நின்று "குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரிமை உண்டு" என்று சொல்வது எளிதல்ல, நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் இறுதியில் விடுவிக்கப்பட்ட அந்த 11 பேரும் அதே பத்து ஆண்டு வாய்தாவுக்கு நடந்தார்கள். யாருடைய தவறு என்று சரியாகப் பிரித்துக் காட்டும் வேலை நடந்தால்தான் பெற்றோருக்கும் உண்மையான பதில் கிடைக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேள்வி கேட்காத வழக்கில் எல்லோரும் குற்றவாளிகள், அல்லது யாருமே இல்லை.

நேரம் ஆகிவிட்டது. ஒரு கேள்வி வந்திருக்கிறது, துண்டுச்சீட்டில். "எங்கள் பள்ளியில் ஒரு வகுப்பறையின் மேற்கூரைச் சிமென்ட் பெயர்ந்து விழுகிறது. இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. மூன்றாம் முறை எழுதினால் தலைமையாசிரியர் என்னைப் பிரச்சினைக்காரி என்பார். என்ன செய்வது?" பெயர் போடவில்லை, நல்லது.

அம்மா, மூன்றாம் முறையும் எழுதுங்கள். முதல் இரண்டு கடிதங்களின் தேதியைக் குறிப்பிடுங்கள். உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள், வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு பிரதி. பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் அதைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆனால் இதெல்லாம் நாளை மறுநாள் வேலை. நாளைக் காலை முதல் மணி அடித்ததும் அந்த வகுப்பறையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை மரத்தடிக்கு அழைத்துப் போங்கள். ஏன் என்று யாராவது கேட்டால் அதையும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.